நன்றாக இருப்பவனுக்கு எதற்கு மாத்திரை?

பெரியப்பா கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தீபாவளியன்று சிங்கப்பூரின் ஈசூனில் அவர் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் சாய்ந்திருந்த நேரம். தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இப்போதுதான் நன்றாக இருக்கிறாயே ஐயா, வேலைக்குப் போகிறாய், முகம் தெளிந்திருக்கிறது, இன்னும் எதற்கு அந்த மாத்திரை? கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடப் பார்" என்றார். "பார்க்கலாம் பெரியப்பா" என்று சிரித்துவிட்டுத் தம்பி குழந்தைகளோடு மத்தாப்பு கொளுத்தக் கீழே போய்விட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி அன்றைக்கும் அடங்கவில்லை, அதற்குப் பிறகும் அடங்கவில்லை. இதே கேள்வியை எதிர்வீட்டு அக்கா கேட்டிருக்கிறார், தம்பியின் அலுவலக நண்பர் கேட்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் என்னிடம் கேட்டிருக்கிறார். காய்ச்சல் விட்டால் மருந்தை நிறுத்துகிறோம், புண் ஆறினால் கட்டை அவிழ்க்கிறோம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக எழும் கேள்விதான். ஆனால் மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ள ஒருவரின் வாழ்க்கையில் இதைவிட ஆபத்தான கேள்வி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெளியார் கேட்பதற்கு முன்பே நோயுற்றவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே.

இதை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். எழுதச் சொன்னான். படித்துப் பார்த்துவிட்டுச் சில வரிகளை நீக்கச் சொன்னான், நீக்கிவிட்டேன்.

கிரைண்டர் பெட்டிகள்

தேசிய சேவையும் படிப்பும் முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம்பி ஒடுங்கிப்போனான். படுக்கையைவிட்டு எழுவதும் குளிப்பதும் அவனுக்குப் பெரும்பாடாகிவிட்டன. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி அதற்கான மாத்திரை கொடுத்தார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பலருக்கும் இந்த நோய் முதலில் மனச்சோர்வின் உருவத்தில்தான் வருகிறது. எழுச்சிநிலை ஒருமுறையாவது தலைகாட்டும்வரை அதைச் சாதாரண மனச்சோர்விலிருந்து பிரித்தறிவது கடினம். நோய் இன்னதென்று சரியாகக் கண்டுபிடிக்கவே பலருக்கு ஆண்டுகள் கழிந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இவர்களில் சிலருக்கு மனம் மறுபக்கம் எகிறிவிடும். தம்பிக்கு அதனால்தான் எகிறியதா, தானாகவே எகிறியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எகிறியது என்பது மட்டும் உண்மை.

முதல் வாரம் வீடே மகிழ்ந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சட்னி அரைத்தான். அம்மாவுக்குப் பழைய பாட்டுகளைப் பாடிக் காட்டினான். யாரைப் பார்த்தாலும் கட்டிக்கொண்டான். தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இல்லை, ஆனாலும் களைப்பின் அடையாளமே இல்லை. அதன்பின் ஒருநாள் வேலையிலிருந்து திரும்பினேன், மின்தூக்கியிலிருந்து இறங்கியதும் நடைபாதையில் வழியில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பெட்டிகள், எங்கள் கதவிலிருந்து பக்கத்து வீட்டுச் சன்னல்வரை இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் தடித்த பேனாவில் ஓர் உணவகத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான் தம்பி. அந்த உணவகங்கள் எதுவும் எதையும் கேட்டிருக்கவில்லை. சிங்கப்பூரின் அத்தனை தோசைக் கடைகளையும் தான் மாற்றப்போவதாகச் சொன்னான், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்றாவது வாக்கியத்துக்குத் தாவினான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் முகம் மாறியது. எங்கள் வீட்டில் யாரையும் அப்படிப் பேசியறியாதவன் அன்று பேசியதை இங்கே எழுத மாட்டேன். முருகன் தன்னோடு நேரடியாகப் பேசுவதாக அவன் சொன்ன இரவில், உறவினர் ஒருவர் அதை அருள் வந்ததாகவே நம்பினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தோம்.

மேனியா என்ற எழுச்சிநிலைக்கு மருத்துவம் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. ஒரு வாரமாவது தொடரும் அளவுமீறிய உற்சாகம் அல்லது எரிச்சல், பெருகும் சுறுசுறுப்பு, அதோடு தூக்கத் தேவை குறைதல், ஓயாத பேச்சு, தாவும் எண்ணங்கள், யோசிக்காத செலவு போன்றவை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் ஒரு வாரக் கணக்குகூட வேண்டியதில்லை. இதில் தூக்கத்தைப் பற்றித் தம்பியின் மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவே இல்லை. தூக்கம் வராமல் மறுநாள் துவண்டுபோனால் அது கவலை. தூங்காமலே மறுநாள் துள்ளிக்கொண்டு எழுந்தால் அது எச்சரிக்கை. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி சிங்கப்பூரில் வாழ்நாளில் ஒருமுறையாவது இருமுனைக் கோளாற்றுக்கு ஆளானவர்கள் 1.6 விழுக்காட்டினர், 2010இல் அது 1.2 விழுக்காடு. நிறைந்த ஒரு திருமணக் கூடத்தில் இந்த நோயோடு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் எழுச்சியில் கழிக்கும் காலத்தைவிடச் சோர்வில் கழிக்கும் காலமே மிக அதிகம்.

சாங்கியில் இருந்த மருத்துவர்

தம்பிக்குக் கொடுத்தது லித்தியம். கைப்பேசி மின்கலத்தில் இருக்கும் அதே தனிமத்தின் உப்பு. கேள்விப்பட்டதும் அம்மா பயந்துபோனார், "உலோகத்தையா விழுங்கச் சொல்கிறார்கள்?" என்றார். அம்மாவின் பயத்தைப் போக்குவதற்காகத்தான் அந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபோது சாங்கி என்ற பெயரில் போய் முட்டினேன்.

ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு, போர் முடியும்வரை மூன்றரை ஆண்டுகள் சாங்கியில் போர்க்கைதியாக இருந்தவர். விடுதலையாகி மெல்பர்ன் அருகே பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குத் திரும்பினார். பயன்படாமல் கிடந்த ஒரு சிறிய அறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். மேனியாவுக்கு உடலில் ஏதோ நச்சுப்பொருள் காரணமாக இருக்கலாம் என்று கருதி, நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காக அவர் சேர்த்த லித்தியம் உப்பு அந்தப் பிராணிகளை அமைதியாக்கியது. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார், பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். மேனியாவுக்கு ஆளான பத்துப் பேரைப் பற்றிய அவருடைய கட்டுரை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர் கருதிய காரணம் தவறு, கண்ட மருந்து சரி. அதை முறையான சோதனையில் நிறுவும் வேலையை மோகென்ஸ் ஸ்கௌ என்ற டென்மார்க் மருத்துவர் 1954இல் வெளியிட்ட ஆய்வோடு தொடங்கினார். அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது.

என்னை உலுக்கியது கேடின் முதல் நோயாளியின் கதை. ஐந்து ஆண்டுகளாக மேனியா தணியாமல் மருத்துவமனையிலேயே கிடந்த, ஐம்பதைத் தாண்டிய மனிதர் அவர். 1948இல் லித்தியம் கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் தெளிந்து வீடு திரும்பினார், பழைய வேலைக்கும் போனார். நன்றாக இருந்தார். நன்றாக இருந்ததால் மாத்திரையை விட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பழைய நிலையிலேயே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். மறுபடியும் லித்தியம் கொடுத்தார்கள். இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொடுக்கும் முறை அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 1950இல் லித்தியம் நச்சாகி அவர் இறந்தார். பெரியப்பாவின் கேள்விக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கேட் அந்த மருந்தைக் கொடுத்த முதல் நோயாளியே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். இந்த மருந்தைப் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டும் அந்த ஒருவருடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றன. தெளிவு மருந்தினால் நிற்கிறது என்பது ஒன்று. காக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பது மற்றொன்று.

அந்த இடைவெளியைத் தம்பியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் பார்க்கிறேன். தொடர்ந்து சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல்வரை இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் நச்சின் எல்லை. அதனால் கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் முறையாகச் சோதிக்கிறார்கள். தம்பிக்கு விரல்களில் மெல்லிய நடுக்கம் உண்டு, காப்பிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடிப்பான். எல்லாருக்கும் லித்தியம்தான் என்றும் இல்லை. சோடியம் வால்புரோவேட், குவட்டியாபின், லமோட்ரிஜின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவனம் தேவை. கருவுறும் வயதில் உள்ள பெண்களுக்கு வால்புரோவேட் கருவைப் பாதிக்கும் மருந்து. கார்பமசெபின் கொடுப்பதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு மரபணுச் சோதனை செய்கிறார்கள், ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு அது தோலையே உரித்தெடுக்கும் கடும் எதிர்வினையைத் தரக்கூடும் என்பதால்.

"இரத்தக் கொதிப்பு மாத்திரை மாதிரிதான் இதுவும்" என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நானும் அந்த ஒப்புமையை மதிக்கிறேன், ஆனால் அது பாதி தூரம்தான் வரும். இரத்தக் கொதிப்பை இழந்துவிட்டோமே என்று யாரும் ஏங்குவதில்லை. தம்பி தன் எழுச்சியின் முதல் வாரத்துக்காக ஏங்கியிருக்கிறான். உலகம் அத்தனை துல்லியமாக, அத்தனை அன்பாக அதற்கு முன்னும் பின்னும் தெரிந்ததில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். மருந்து எதைக் காப்பாற்றுகிறது என்று விளக்குபவர்கள், அது எதை எடுத்துக்கொள்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேட்காத வீட்டில்தான் மாத்திரை கமுக்கமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். நிறுத்துவதென்றாலும் அது மருத்துவரோடு பேசி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டிய காரியம்.

உப்பில்லா விரதம்

தம்பி மருத்துவமனையில் இருந்தபோது அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டார், பிள்ளை தேறினால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பான் என்று. அவன் தேறினான். எங்கள் வீட்டு வழக்கப்படி பால்குடம் எடுப்பவர் விரதத்தின் கடைசி நாள்களில் ஒருவேளைதான் சாப்பிடுவார், அதிலும் உப்பு சேர்க்க மாட்டார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். பார்ப்பதற்கு எளிய ஆகாரம், மனத்தை ஒருமுகப்படுத்தும் என்பார்கள். ஆனால் லித்தியம் சாப்பிடுபவரின் உடலில் உப்பு வேறு கணக்கில் ஓடுகிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரேமாதிரி நடத்துகிறது. உப்பும் நீரும் குறைந்தால் அது சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். மாத்திரை ஒன்றுகூடக் கூடாமலே இரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

இதை நாங்கள் மருந்தாளரிடமிருந்து தெரிந்துகொண்டோம், தம்பி கேட்டதால். இந்தக் கதை முழுவதிலும் திருப்பம் என்று நான் நினைப்பது அந்த அறையில் நடந்ததுதான். அதுவரை மருத்துவர் கேட்பார், தம்பி பதில் சொல்வான், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று. அன்று அவன் முதன்முறையாகத் தன் வாழ்க்கையை எடுத்து மேசைமேல் வைத்தான். "டாக்டர், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். எடுக்கலாமா என்று கேட்கவில்லை, எப்படி எடுப்பது என்று கேட்கிறேன்." மருத்துவர் தமிழர் அல்லர். பேனாவை வைத்துவிட்டு, விரதம் என்றால் என்ன, எத்தனை மணிக்கு நடப்பீர்கள், எவ்வளவு தூரம், கடைசியாக எப்போது தண்ணீர் குடிப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை உள்ள வழியைத் தம்பி அவருக்குத் தாளில் வரைந்து காட்டினான். மருந்தாளரையும் அழைத்து உட்காரவைத்தார் அவர்.

பேசி முடித்தபோது விரதம் வேறு வடிவம் எடுத்திருந்தது. சைவ உணவு சரி, ஒருவேளை குறைவாகச் சாப்பிடுவதும் பார்த்துச் செய்தால் சரி. உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீரைக் குறைக்கவே கூடாது. உப்புக்குப் பதிலாகக் காப்பியை விட்டுவிடுகிறேன் என்றான் தம்பி. அதுவும் வேண்டாம் என்றார் மருந்தாளர். காப்பி லித்தியத்தை ஓரளவு வெளியேற்றிக்கொண்டிருக்கும், தினமும் குடிப்பவர் திடீரென்று விட்டால் அளவு ஏறும். கடைசியில் இனிப்பைத் துறந்தான். கால்வலிக்குக் கடையில் ஐபுபுரோஃபென் வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் போடலாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். எந்த நேரத்தில் நடப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. நடுஇரவில் புறப்பட்டால் வெயில் இல்லை, ஆனால் தூக்கம் கெடும். இந்த நோயில் ஒரு இரவுத் தூக்கம் போவதே எழுச்சியைக் கிளப்பிவிடக் கூடியது. வெயில் ஏறிய பிறகு நடந்தால் வியர்வையில் நீரும் உப்பும் போகும். ஒன்பது மணிக்குப் படுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, விடியும் வேளையில் புறப்படுவது என்று முடிவானது. விரதத்துக்கு நடுவிலும் முடிந்த பிறகும் இரத்தப் பரிசோதனை. வாந்தியோ, வயிற்றுப்போக்கோ, தள்ளாட்டமோ, நாக்குழறலோ வந்தால் எதையும் யோசிக்காமல் அவசரப் பிரிவு.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. உப்போடு என்ன விரதம் என்றார். தம்பி அவரோடு வாதாடவில்லை. "நேர்த்திக்கடன் என்னுடையது மாமா, உடம்பும் என்னுடையது" என்றான். தலையில் பால்குடத்தோடு அவன் நடந்தபோது நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன். குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின, பால் சிந்தவில்லை. லித்தியம் சாப்பிடும் எல்லாரும் விரதம் இருக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சிறுநீரகம் எப்படி, அளவு எவ்வளவு, வேறு என்ன மருந்து என்பதைப் பொறுத்து மருத்துவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் நம்முடைய விரதமும் நோன்பும் இரவு விழிப்பும் மருத்துவரின் அறைக்குள் பேசப்பட வேண்டியவை. சொன்னால் திட்டுவார்களோ என்று நாம் மறைக்கிறோம், கேட்கத் தோன்றாததால் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளியின் சிறுநீரகம்.

அலமாரிக் கதவில் ஒரு தாள்

இப்போது தம்பிக்கு முறைமாற்று வேலை கிடையாது, பகல்வேலைக்கு மாறிக்கொண்டான். உறங்கும் நேரமும் எழும் நேரமும் வார இறுதியிலும் மாறாது. இருமுனைக் கோளாறும் நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு வரம்புவரை கட்டணம் செலுத்த முடிகிறது. மாத்திரையோடு உளவியல் ஆலோசகரையும் பார்க்கிறான், அங்கே சில தடவை அம்மாவும் நானும் போயிருக்கிறோம். அங்கே எழுதிய ஒரு தாள்தான் அவன் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் அவன் எழுதியிருப்பது: தூக்கம் குறைந்தும் களைப்பில்லை என்றால் அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்யலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. கடன் அட்டை அக்காவிடம். வாழ்ந்து என்ன பயன் என்று நான் பேசினால் தனியாக விடாதீர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767. இவற்றுக்கு அடியில், தடித்த எழுத்தில்: நான் கோபப்பட்டால், உரக்கச் சிரித்தால், "மாத்திரை போட்டாயா" என்று கேட்காதீர்கள். கோபத்துக்கு என்ன காரணம் என்று கேளுங்கள்.

அந்தக் கடைசி வரி எங்களுக்காக எழுதியது. நோயுற்ற ஒருவரின் எல்லா உணர்ச்சியையும் அறிகுறியாகவே பார்க்கத் தொடங்கும் வீட்டில், மாத்திரை அவருக்கு அவமானத்தின் பெயராகிவிடுகிறது. அம்மா இன்னும் சில நேரம் கேட்டுவிடுகிறார், தம்பி தாளைக் காட்டுகிறான்.

அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்கும் முன்பே பெண்ணிடம் தானே சொல்லிவிடுவேன் என்று நிபந்தனை போட்டான், நானும் அவன் பக்கம் நின்றேன். தேக்கா நிலையத்தில் காப்பி குடித்துக்கொண்டு, பார்த்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்து. அவர் நிறையக் கேட்டிருக்கிறார், வேலை, மருந்துச் செலவு, கருவுற்றால் என்ன என்று. உங்களுக்கு மறுபடி வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டிருக்கிறார், தம்பி கைப்பேசியில் அந்தத் தாளின் படத்தைக் காட்டியிருக்கிறான். தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய பெற்றோரிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் விவாதம். பெரியவர்கள் போய்ப் பேசட்டும் என்கிறார் அம்மா. தம்பியே உட்கார்ந்து சொல்லட்டும், இவனைவிடத் தெளிவாக இந்த நோயைச் சொல்லக்கூடியவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை என்பது என் கட்சி.